குனிவது எங்கே நடக்கிறது? திருவெலும்பையும் இடுப்பு வளையத்தையும் தொட்டுப் படிக்க ஒரு வழிகாட்டி

இடுப்பு என்ற ஒரே சொல்லைத் தமிழில் நான்கு இடங்களுக்கு வைத்திருக்கிறோம். சேலை செருகும் இடம் இடுப்பு. குடம் உட்காரும் இடம் இடுப்பு. முதுகின் அடியில் பிடித்துக்கொண்டால் இடுப்புப் பிடிப்பு. பிரசவ வலிக்கும் இடுப்பு வலி என்றே பெயர். பேச்சுக்கு இது போதும். உடம்பை அசைக்கக் கற்றுக்கொள்ளும்போது போதாது. யோகா வகுப்பிலோ ஜிம்மிலோ நடன வகுப்பிலோ "இடுப்பிலிருந்து குனி" என்று சொன்னால், புதிதாக வந்தவர் சேலை செருகும் இடத்தில் மடங்குகிறார். சொன்னவர் மனத்தில் இருக்கும் இடமோ அதற்கு ஏறக்குறைய ஒரு சாண் கீழே, தொடை உடம்போடு சேரும் மடிப்பில் இருக்கிறது. அந்த ஒரு சாணைப் படம் பார்த்துக் கற்க முடியாது. முதலில் விரலால் தேட வேண்டும், பிறகு அசைத்துப் பார்க்க வேண்டும்.

விரலால் தேடுவது

மெல்லிய உடையில் நின்றுகொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். விரல் நுனியால் குத்தாமல் விரலின் தட்டையான பகுதியால் அழுத்துங்கள். நுனியால் குத்தினால் தசை இறுகிக்கொண்டு எலும்பை மறைத்துவிடும்.

இரண்டு கைகளையும் இடுப்பின் பக்கவாட்டில் வைத்து உள்ளே அழுத்தி, அப்படியே கீழே இறக்குங்கள். கெட்டியான ஒரு விளிம்பில் கை உட்காரும். குடம் உட்காருவதும் இந்த விளிம்பில்தான். இரண்டு பக்க விளிம்புகளின் உச்சியையும் இணைத்துக் கோடு போட்டால், அது ஏறக்குறைய நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் போகும். அறுவை சிகிச்சைக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும் மருத்துவர் இடத்தைக் கணிப்பதும் இதே கோட்டை வைத்துத்தான்.

விளிம்பை முன்பக்கமாகத் தடவிக்கொண்டே போனால், வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு முனைகள் துருத்தி நிற்கும். அவை முன் முனைகள். பின்பக்கமாகத் தடவினால் பலருக்கு இரண்டு சிறு குழிகள் தெரியும். குழிக்கு அடியில் கட்டைவிரலில் படும் மேடு பின் முனை. இரண்டு குழிகளுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து விரல்களைக் கீழ்நோக்கி நீட்டுங்கள். கைக்கு அடியில் இருக்கும் தலைகீழ் முக்கோணம்தான் திருவெலும்பு. மருத்துவர்கள் சேக்ரம் என்பார்கள். கிரேக்கர்கள் இதைப் புனித எலும்பு என்று அழைத்தார்கள், லத்தீனும் அதையே எடுத்துக்கொண்டது. நம் 'திரு'வும் அந்த வழியில் வந்ததே. நடுவில் வரிசையாகத் தட்டுப்படும் சிறு முண்டுகள், ஒட்டிப்போன முள்ளெலும்புகளின் மிச்சம். புட்டப் பிளவுக்குள் இன்னும் கீழே போனால் வால் எலும்பு.

இப்போது ஒரு மரப் பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி இரண்டு கைகளையும் புட்டத்துக்கு அடியில் கொடுங்கள். கையைக் குத்தும் இரண்டு கட்டிகளும் உட்காரும் எலும்புகள். உடம்பை முன்னும் பின்னும் சாய்த்தால் அவை கையின் மேல் உருளும். இந்த உருளலை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

கடைசியாக, தொடையெலும்பு இடுப்பெலும்போடு சேரும் பந்துக் கிண்ண மூட்டு. பலர் இதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். விளிம்பிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் கீழே, பக்கவாட்டில் ஒரு மேடு இருக்கிறது. பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருப்பினால் அது கைக்கு அடியில் நகரும். அது மூட்டு இல்லை, தொடையெலும்பின் வெளி மேடு. முன் முனைக்கும், அடிவயிற்றின் நடுவில் கீழே தட்டுப்படும் பியூபிஸ் எலும்புக்கும் இடையே ஒரு கோடு போட்டு, அதன் பாதியில் ஆழமாக உள்ளே போனால்தான் மூட்டு. முழங்காலைத் தூக்கும்போது தொடையில் மடிப்பு விழும் இடம் அதற்கு நேர் முன்னால் இருக்கிறது. இனிமேல் குனிவது என்றால் இந்த மடிப்பில்தான்.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடி முன் நின்று இடது முனையும் வலது முனையும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளக்க ஆரம்பிக்காதீர்கள். இரண்டு பக்க எலும்புகளும் பிறவியிலேயே அச்சு வார்த்ததுபோல் இருப்பதில்லை. தேர்ந்த கைகள்கூட ஒரே ஆளைத் தொட்டுவிட்டு வெவ்வேறு முடிவு சொல்கின்றன. தொட்டுப் பார்ப்பது வரைபடம் பழகுவதற்கு மட்டுமே. கோளாறு கண்டுபிடிக்க அது உதவாது.

வளையத்தின் கட்டுமானம்

இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடுப்பெலும்பு, பின்னால் நடுவில் திருவெலும்பு, அதன் அடியில் வால் எலும்பு: இவ்வளவுதான் வளையம். குழந்தையின் இடுப்பெலும்பு இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்று மூன்று துண்டாக இருக்கும். மூன்றும் தொடையெலும்பின் பந்து உட்காரும் கிண்ணத்தில் சந்தித்து, பதின்ம வயதில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். விளிம்பும் முன், பின் முனைகளும் இலியம். உட்காரும் எலும்பு இஸ்கியம். திருவெலும்பும் தொடக்கத்தில் ஐந்து தனி முள்ளெலும்புகள்தான், இருபதுகளின் நடுவில் ஒரே எலும்பாகிவிடும். சிலருக்கு ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பும் இதோடு ஒட்டியிருக்கும், சிலருக்கு முதல் திருவெலும்புத் துண்டு ஒட்டாமல் நிற்கும். எக்ஸ்ரேயில் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

வளையத்தில் அசைவு நடக்கும் இடங்களைப் பிரித்துக்கொள்வது முக்கியம். மேலே, கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையே ஒரு டிஸ்க். கீழே, இரண்டு பந்துக் கிண்ண மூட்டுகள். முன்னால், இரண்டு பியூபிஸ் எலும்புகளையும் சேர்க்கும் குருத்தெலும்பு இணைப்பு. அதன் இடைவெளி பெரியவர்களுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். பின்னால், திருவெலும்பு இரண்டு பக்க இலியத்தோடும் சேரும் மூட்டுகள். இவற்றுக்கு எஸ்.ஐ. மூட்டு என்று பெயர். எல்லாரும் பேசுவதும் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வதும் இந்த மூட்டைத்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எஸ்.ஐ. மூட்டின் பரப்பு காது மடல்போல் வளைந்திருக்கும். சிறுவயதில் அது வழவழப்பாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு அதில் மேடும் பள்ளமும் உருவாகி, ஒரு பக்கத்து மேடு எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் பொருந்திக்கொள்ளும். திருவெலும்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால், உடம்பின் பாரம் மேலிருந்து இறங்கும்போது மண்வெட்டிக் காம்பில் அடித்த ஆப்புபோல் இரண்டு இலியத்துக்கும் நடுவே இறுகும். ஆனால் இதே எலும்பு பின்பக்கத்தைவிட முன்பக்கம் அகலமானது. ஆகவே ஆப்புக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அது முன்னால் நழுவி இடுப்புக்குழிக்குள் விழ வேண்டும். விழாமல் பிடித்திருப்பவை பின்னால் இருக்கும் இணைப்புநார்கள். உடம்பிலேயே மிக வலுவான நார்களில் அவையும் சேரும். திருவெலும்பு பாதி ஆப்பு, பாதி ஊஞ்சல். இறுக்கத்தில் நிற்கிறது, நாரில் தொங்கவும் செய்கிறது.

திருவெலும்பின் தலையாட்டல்

நிற்கும்போது உடம்பின் பாரம் திருவெலும்பின் மேல்முனையில் வந்து இறங்குகிறது. அதனால் மேல்முனை முன்னும் கீழுமாகச் சாயும், வால் முனை பின்னும் மேலுமாக எழும். ஒருவர் 'ஆமாம்' என்று தலையாட்டுவது போன்ற அசைவு என்பதால் உடற்கூறியலிலும் இதற்குத் தலையாட்டல் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். படுக்கும்போது மேல்முனை பின்னால் திரும்பும். அது எதிர்த் தலையாட்டல்.

தலையாட்டும்போது வால் முனை பின்னால் எழப் பார்க்கிறது. திருவெலும்பின் அடிப்பகுதியை உட்காரும் எலும்போடும் அதன் மேலுள்ள கூர்முள்ளோடும் கட்டிப்போட்டிருக்கும் இரண்டு தடித்த நார்கள் அதைத் தடுக்கின்றன. தடுப்பதால் அவை விறைக்கின்றன, விறைப்பதால் மூட்டு இன்னும் இறுகுகிறது. பாரம் கூடக் கூட மூட்டு கெட்டிப்படும்படி அமைந்திருக்கும் இந்த ஏற்பாடு உடற்கூறியலின் அழகுகளில் ஒன்று. தொடையின் பின்தசையும் புட்டத்தின் பெரிய தசையும் இந்த நாரில் வந்து ஒட்டிக்கொள்வதால், அவை வேலை செய்யும்போதும் மூட்டுக்கு இறுக்கம் கிடைக்கிறது. எதிர்த் தலையாட்டலில் விறைப்பது வேறொரு நார். அது பின் முனைக்கு நேர் கீழே தோலுக்கு அருகில் ஓடுகிறது. கர்ப்பிணிகள் பலர் வலி என்று விரல் வைத்துக் காட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

இந்தத் தலையாட்டல் எவ்வளவு? 1989இல் ஸ்வீடனில் ஸ்டூரெசன் குழுவினர் எலும்புக்குள் டாண்டலம் என்ற உலோகத்தின் சின்னஞ்சிறு குண்டுகளைப் பதித்து எக்ஸ்ரேயில் அளந்தார்கள். சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி, நழுவல் 0.7 மில்லிமீட்டர். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே இருப்பது 6 டிகிரி. அதில் பாதிகூட இல்லை.

இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் பல பயங்கள் போய்விடும். "இடுப்பெலும்பு விலகிவிட்டது, தட்டி உள்ளே தள்ளுகிறேன்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரிய விபத்தோ கடினமான பிரசவமோ இல்லாமல் இந்த மூட்டு விலகாது. 1998இல், அதே குண்டு முறையில், கையால் சரிசெய்யும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். சிகிச்சை செய்தவர்களின் கைக்கு இடுப்பு நேராகிவிட்டதாகப் பட்டது. அளவிலோ திருவெலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. 'டக்' என்ற சத்தம் எலும்பு ஏறி உட்கார்ந்த சத்தம் அன்று. அப்படிச் செய்த பிறகு வலி குறைவது உண்மைதான். ஆனால் குறைவது தசையும் நரம்பும் தளர்வதால். "விலகியது, விலகியது" என்று கேட்டுக் கேட்டு அசையவே பயந்து உட்கார்ந்துவிடுபவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

புதியவர்கள் குழம்பும் இன்னொரு இடம் உண்டு. இடுப்பை முன்னே சாய்ப்பதும் திருவெலும்பு தலையாட்டுவதும் ஒன்றல்ல. சாய்வில் வளையம் முழுவதும், திருவெலும்பையும் சேர்த்துக்கொண்டு, தொடையெலும்பின் இரண்டு பந்துகள் மேல் ஒரே துண்டாக உருள்கிறது. தலையாட்டல் அந்தத் துண்டுக்குள்ளேயே நடக்கும் மிகச் சின்ன அசைவு. நம் விருப்பப்படி தனியாகச் செய்ய முடியாது, உணரவும் முடியாது. நாம் பழக வேண்டியது உருளலை.

முதல் பயிற்சி: படுத்துக்கொண்டு கடிகாரம்

மெத்தை வேண்டாம், தரையில் பாய் அல்லது ஜமுக்காளம் போதும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக விலகியிருக்கட்டும், குதிகால் புட்டத்திலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். அடிவயிற்றின் மேல் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் பக்கம் 12, பியூபிஸ் பக்கம் 6, முன் முனைகள் 3, 9.

மூச்சை விட்டுக்கொண்டே 12 மணிப் பக்கம் உருட்டுங்கள். இடுப்பின் பின்வளைவு தரையில் படியும், வால் எலும்பு லேசாக எழும். மூச்சை இழுத்துக்கொண்டே 6 மணிக்கு வாருங்கள். முதுகுக்கும் தரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி வரும். பத்துத் தடவை, மெதுவாக. பிறகு 3, 9. எல்லாம் பழகியபின் சுற்றிலும் வட்டம்.

இதில் இரண்டு தவறுகள் வரும். புட்டத்தை இறுக்கித் தூக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் வளையம் உருளாது, உடம்பு மொத்தமாக எழும்பும். இரண்டாவது, பாதத்தால் தரையைத் தள்ளுவது. முழங்கால்கள் முன்னும் பின்னும் ஆடினால் தள்ளுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அசைவு சின்னதாக இருக்கட்டும். இரண்டு எல்லைக்கும் நடுவே, பாரம் திருவெலும்பின் நடுவில் சமமாக விழும் ஓர் இடம் கிடைக்கும். அது உங்களுடைய நடுநிலை. நின்று பார்த்தால் பெரும்பாலோருக்கு முன் முனை பின் முனையைவிடச் சற்றுக் கீழே இருக்கும். அதுவும் இயல்புதான். இடுப்பு முன்னே சாய்ந்திருக்கிறது, அதைத் திருத்த வேண்டும் என்று வரும் விளம்பரங்களுக்குச் செவிசாய்க்க வேண்டாம்.

இரண்டாம் பயிற்சி: கழியை வைத்துக் குனிவது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைப் பழக நேரம் இருந்தால் இதைப் பழகுங்கள்.

நாலடி நீளக் கழி ஒன்று வேண்டும். ஒட்டடைக் கம்பும் ஆகும். முதுகை ஒட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்பு வளைவுக்குப் பின்னால். கழி மூன்று இடங்களில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, திருவெலும்பு. சுவருக்கு முதுகு காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்திவிட்டு, புட்டத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். தலையைத் தாழ்த்தும் எண்ணமே வேண்டாம். உட்காரும் எலும்புகள் பின்னால் போனால் உடம்பு தானாக முன்னே சாயும். மூன்று தொடுபுள்ளிகளில் ஏதாவது ஒன்று கழியை விட்டு விலகும் நேரத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தித் திரும்புங்கள். எட்டு அல்லது பத்துத் தடவை, இரண்டு சுற்று. சுவரைத் தொடுவது எளிதானபின் இரண்டு விரல் அளவு இன்னும் தள்ளி நில்லுங்கள்.

கழி திருவெலும்பை விட்டு விலகினால், வளையம் உருளாமல் நின்றுவிட்டது, மிச்சக் குனிவைச் சேலை செருகும் இடம் செய்கிறது என்று பொருள். காரணம் பெரும்பாலும் தொடையின் பின்தசை. அது உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிறது. முழங்காலை நேராக நீட்டினால் அது விறைத்து உட்காரும் எலும்பைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வளையம் உருள வழியிருக்காது. முழங்காலை மடக்கினால் பந்துக் கிண்ண மூட்டு 120 டிகிரி வரைக்கும் மடங்கும். நீட்டினால் பலருக்கு 90 டிகிரிகூட வராது. தரையைத் தொட முயலும்போது முழங்காலை நீட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் தொடையை நீட்டவில்லை, முதுகைத்தான் மடக்குகிறார். முழங்கால்கள் முன்னால் போய் உடம்பு கீழே இறங்கினால் அது குனிவே அல்ல, குந்துதல்.

முதுகை மடக்குவது பாவம் என்று இதற்குப் பொருள் இல்லை. முதுகெலும்பு மடங்குவதற்கென்றே அமைந்தது. விழுந்த சாவியை எடுக்க எப்படிக் குனிந்தாலும் ஒன்றுமில்லை. கவனம் வேண்டியது பாரத்தில்: 20 லிட்டர் தண்ணீர் கேன், நிறைந்தால் ஏறக்குறைய 30 கிலோ வரும் வீட்டு கேஸ் சிலிண்டர், தூங்கும் குழந்தை. பாரத்தைத் தொடைக்கு ஒட்டி வைத்து, மடிப்பில் குனிந்து, புட்டத்தால் எழுங்கள். பாரம் உடம்பை விட்டு ஒரு முழம் தள்ளிப் போனாலே கடைசி டிஸ்க்கில் விழும் சுமை பல மடங்கு ஏறிவிடும்.

குந்துதல், சம்மணம், அரைமண்டி

குந்தி இறங்கும்போது ஒரு கட்டத்தில் வால் உள்ளே சுருளும். பந்துக் கிண்ண மூட்டில் மடங்கும் இடம் தீர்ந்தபின் வளையம் பின்னால் உருண்டு, முதுகு மடங்கத் தொடங்கும் கட்டம் அது. பாரம் இல்லாமல் குந்தும்போது, இந்தியக் கழிப்பறையில் உட்காருவதுபோல, இது இயல்பு, கேடில்லை. தோளில் எடையை வைத்துக் குந்தும்போது சுருளும் கட்டத்துக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். சீக்கிரமே சுருள்கிறதா? குதிகாலுக்கு அடியில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரப் பலகை வைத்துக் குந்திப் பாருங்கள். இன்னும் ஆழமாகப் போக முடிந்தால் தடை கணுக்காலில் இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் பாதங்களை 15 முதல் 30 டிகிரி வெளியே திருப்பி, கொஞ்சம் அகலமாக வைத்துப் பாருங்கள். கிண்ணத்தின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்தில் குந்துபவரைப்போலவே நீங்களும் குந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சம்மணத்தில் முதுகு கூன் போட்டால் முதுகைத் திட்டாதீர்கள். உட்காரும் எலும்புகளைக் கவனியுங்கள். வளையம் பின்னால் உருண்டு, பாரம் அவற்றின் பின்பக்கத்தில், திருவெலும்பை நோக்கி விழுந்துகொண்டிருக்கும். ஜமுக்காளத்தை மடித்து 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரமாக்கி, அதன் முன் ஓரத்தில் உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்புக்குக் கீழே இறங்கியதும் வளையம் முன்னே வரும், முதுகு தானாக நிமிரும். முழங்காலைக் கையால் அழுத்தித் தரையில் படியவைக்கும் பழக்கம் ஆபத்து. பந்து திரும்பாத இடத்தில் அந்த முறுக்கலை முழங்கால் மூட்டு வாங்கிக்கொள்ளும்.

பரதநாட்டியத்தில் முழங்கால்களை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி இறங்கி நிற்கும் அரைமண்டிக்கும் இதே விதிதான். பாதம் விலகும் அளவு, தொடை கிண்ணத்துக்குள் வெளித்திரும்பும் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். வளையம் முன்னே சாய்ந்து புட்டம் பின்னால் துருத்தும், அல்லது பாதத்தின் உள்வளைவு தரையில் சரிந்து முழங்கால் உள்ளே விழும். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கிறதா என்று பக்கத்தில் ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயதில் சிறிய மாணவிகளிடம் இதில் அவசரம் காட்டவே கூடாது.

ஒற்றைக்காலில்

நடப்பது என்பது மாறி மாறி ஒற்றைக்காலில் நிற்பது. ஒரு காலைத் தூக்கியதும் அந்தப் பக்கத்து வளையம் கீழே தொங்கப் பார்க்கும். அதைத் தூக்கிப் பிடிப்பது ஊன்றிய காலின் பக்கவாட்டுப் புட்டத் தசை. அது இழுக்கும் இழுப்பும் உடம்பின் எடையும் சேர்ந்து, சாதாரண நடையிலேயே பந்தின் மேல் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு வரை அழுத்தம் ஏற்றுகின்றன.

கண்ணாடி முன், முன் முனைகளில் விரல் வைத்து, ஒரு காலைத் தூக்கி 30 விநாடி நில்லுங்கள். தூக்கிய பக்கத்து விரல் இறங்கினால் ஊன்றிய பக்கத் தசைக்கு வலு போதவில்லை. டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895இல் விவரித்த அடையாளம் இது. உடம்பை ஊன்றிய கால் பக்கம் சாய்த்துச் சமாளிப்பதும் அதே குறையின் வேறு முகம். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை நேராக, சற்றுப் பின்னால் வைத்து 10 முதல் 15 தடவை தூக்குவது நல்ல தொடக்கம். கால் முன்னே வந்துவிட்டால் வேறு தசை வேலையை எடுத்துக்கொள்ளும்.

கைத்தடி பிடிக்கும் பெரியவர்கள் இருந்தால் ஒன்று சொல்லிக் கொடுங்கள். தடியை வலிக்கும் இடுப்புக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடித்தால் மூட்டின் சுமை அவ்வளவாகக் குறையாது. இடுப்பில் குடம் சுமப்பவரும் குழந்தை சுமப்பவரும் ஒரு பக்கத்தையே பழக்கப்படுத்தாமல் நடைக்கு நடை மாற்றிக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தில்

ஹார்மோன்களால் நார்கள் தளர்வதால், பியூபிஸ் எலும்புகளைச் சேர்க்கும் முன் இணைப்பின் இடைவெளி 2, 3 மில்லிமீட்டர் கூடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் பிளவு என்பார்கள். பிரசவத்தில் தலையாட்டலுக்கு ஒரு பெரிய வேலை உண்டு. எதிர்த் தலையாட்டல் இடுப்புக்குழியின் மேல்வாயை அகலப்படுத்தும், தலையாட்டல் கீழ்வாயை அகலப்படுத்தும். மல்லாந்து படுத்தால் திருவெலும்பும் வால் எலும்பும் கட்டிலில் அழுந்திக்கொள்ளும். ஒருக்களித்தோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ, குந்தியோ இருந்தால் பின்னால் நகர அவற்றுக்கு இடம் கிடைக்கும். எந்த நிலை உங்களுக்கு ஏற்றது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வலி இருந்தால் ஒற்றைக்கால் வேலைகளைக் குறையுங்கள். பாவாடையும் பேண்டும் உட்கார்ந்து போடுங்கள். மாடிப்படியில் ஒரு படிக்கு இரண்டு பாதமும் வைத்து ஏறுங்கள். ஆட்டோவிலோ காரிலோ முதலில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள். படுக்கையில் திரும்பும்போது முழங்கால்களை மடக்கி, நடுவில் தலையணையை இறுக்கிப் பிடித்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பட்டும். இடுப்புப் பட்டை போட்டால் வயிற்றைச் சுற்றி வேண்டாம். முன் முனைகளுக்குக் கீழே, தொடையெலும்பின் வெளி மேடுகளுக்குச் சற்று மேலே வரவேண்டும். பட்டை உதவுமா என்று வாங்கும் முன்பே சோதிக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் தூக்குங்கள். பிறகு ஒருவர் இரண்டு பக்க இடுப்பையும் கையால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, மறுபடி தூக்குங்கள். இரண்டாம் முறை கால் இலேசாகத் தெரிந்தால் பட்டையும் புட்டத் தசைப் பயிற்சியும் பயன்தர வாய்ப்பு உண்டு.

வலியை எப்படிப் படிப்பது

எஸ்.ஐ. மூட்டு வலிக்காரர் பெரும்பாலும் ஒரே விரலால் பின் முனைக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாகத் தொட்டுக் காட்டுவார். உட்கார்ந்து எழும்போதும் படுக்கையில் திரும்பும்போதும் கூடும். வலி நடுமுதுகெலும்பிலோ இடுப்பு வளைவுக்கு மேலேயோ இருந்தால் இந்த மூட்டைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. காலில் இறங்கும் வலிக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மூட்டைத்தான் எல்லாரும் குற்றம் சொன்னார்கள். 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டிஸ்க் பிதுங்கலை விளக்கிய பிறகு, எல்லாப் பழியும் டிஸ்க்கின் மேல் விழுந்தது. இரண்டும் உண்மையின் பாதி. பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். மூட்டை வெவ்வேறு திசைகளில் அழுத்திப் பார்க்கும் சோதனைகளில் குறைந்தது மூன்று, உங்களுக்குப் பழகிய அதே வலியைக் கிளப்ப வேண்டும்.

சில வலிகளுக்குப் பயிற்சி செய்துகொண்டு நாள் கடத்தக் கூடாது. 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரமாவது விறைப்பு இருந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைந்து, பின்னிரவில் எழுப்பும் வலி என்றால் அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். ருமட்டாலஜிஸ்ட் என்னும் வாதநோய் நிபுணரைப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரே சாதாரணமாகத் தெரியலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். எலும்பு மெலிந்த முதியவருக்கு, லேசாக வழுக்கி உட்கார்ந்த பிறகு திருவெலும்பில் வலி நிற்கவில்லை என்றால் விரிசல் இருக்கலாம். அதையும் எக்ஸ்ரே தவறவிடும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, பழைய புற்றுநோய் இவற்றோடு வரும் வலியையும் தள்ளிப்போடக் கூடாது.

திருவெலும்பின் துளைகள் வழியே வெளிவரும் நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஆள்கின்றன. முதுகு வலியோடு சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வர மறுத்தாலோ, அறியாமல் மலம் கழிந்தாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அப்போதே கிளம்ப வேண்டும். இரவென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.